ஞானவிழிக்கு எத்தனை துளை

குரும்பலூர் தபால்காரர் அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படித்து முடித்ததும், இன்னொரு முறை படிக்கச் சொன்னாள் அனுசுயா. முதல் முறை அவளுக்குப் புரியவில்லை. இரண்டாம் முறை தபால்காரருக்கும் புரியவில்லை.

"ஞானவிழித் திட்டத்தின்கீழ், பார்வையற்ற கல்லூரி மாணவ மாணவியர் பதினொருவருக்கு வழங்கப்படவிருக்கும் மடிக்கணினிகளின் இணைப்பு வாயில்கள் மற்றும் விலை நிர்ணயத் துணைக்குழுவில், தாங்கள் பயனாளிகள் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டுள்ளீர்கள்" என்று அதில் இருந்தது. அனுப்பியது பெரம்பலூரில் இருந்த வட்டாரப் பார்வை நலக் கழகம்.

"வாயில்னா என்னம்மா, வாசப்படியா?" என்று கேட்டார் தபால்காரர்.

"கம்ப்யூட்டர்ல ஒயர் சொருகுற ஓட்டைங்க."

"அதுக்கு ஒரு குழுவா?" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அனுசுயாவுக்கு இருபத்து நாலு வயது. நாலு வயதில் அம்மை போட்டுக் கண் போயிற்று. தபால் வழியில் எம்.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தாள். போன வருடம் இரண்டு தாளில் தோற்றதற்கு அவள் மூளை காரணம் இல்லை. புத்தகத்தைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணமாகி, அவள் பாதிப் பாடத்தில் கரூர் போய்விட்டாள். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் ஒரு பக்கம் படித்துவிட்டு மாடு கத்துகிறது என்று எழுந்து போனார்கள்.

திருச்சியில் நடந்த பத்து நாள் பயிற்சி ஒன்றில்தான் அவள் பேசும் கணினியைக் கேட்டாள். திரையில் எழுத்து வந்தால் அதை ஒரு மூக்கடைத்த குரல் வாசித்தது. கொட்டாவி விடவில்லை. திருப்பிச் சொல்லச் சொன்னால் சலித்துக்கொள்ளவில்லை. ஊருக்கு வந்ததும் கழகத்துக்கு மனுப் போட்டாள். மனுப் போட்டுப் பதின்மூன்று மாதம் கழித்து, 2005 ஆடியில், இந்தக் கடிதம் வந்தது. அடுத்த மே மாதம் பரீட்சை.

அம்மா பஞ்சவர்ணம் பருத்திக் காட்டு வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். கழகத்தின் கூட்ட அறை மூன்றாவது மாடியில் இருந்தது. கீழ்த்தளத்தில் விருந்தினர்களுக்கான அறை.

துணைக்குழுவுக்குத் தலைவர் செல்லக்கண்ணு. கழகத்தின் தலைமை அலுவலர். அவருக்கு வலப்பக்கம் கணக்கு அலுவலர் ராசாங்கம். இடப்பக்கம் தொழில்நுட்ப நிபுணர் மாயவன். கழகத்துக்கு முதல் கணினி லாரியில் வந்து இறங்கியபோது ரசீதில் கையெழுத்துப் போட்டவர் மாயவன்தான். அன்றிலிருந்து அவர் நிபுணர்.

"எல்லாரும் திரையப் பாருங்க" என்று ஆரம்பித்தார் மாயவன்.

அனுசுயா அம்மாவின் பக்கம் திரும்பினாள். "சுவத்துல படம் போட்டிருக்காங்க. பொட்டி மாதிரி இருக்கு. ஓரத்துல பல்லு பல்லா இருக்கு" என்று பஞ்சவர்ணம் காதில் சொன்னாள்.

"இந்த இருபத்தஞ்சு ஊசி வாயில நல்லா கவனிங்க. பிரிண்டரோட ஒயர் இதுலதான் மாட்டும். இப்ப வர்ற கணினியில இத எடுத்துட்டு, சப்பையா சின்னதா ஒண்ண வைக்கிறாங்க. நம்ம கழகத்துல தொண்ணூத்தி மூணுல வாங்கின பிரிண்டர் ஒண்ணு ஸ்டோர் ரூம்ல இருக்கு. இந்த வாயில் இல்லாட்டி அது வீணாப் போயிடும்."

"அந்தப் பிரிண்டர் ஓடுதுங்களா சார்?" என்று அனுசுயா கேட்டாள்.

"ஓட்டிப் பாக்கல. ஓட்டிப் பாத்து ஓடலன்னா அத எழுத்துல கொண்டு வரணும்."

"நாங்க பதினொரு பேரும் பிரிண்டு எடுக்க இங்கதான் வரணுங்களா?"

"வர மாட்டீங்க" என்றார் மாயவன். "ஆனா வந்தா?"

அந்தக் கேள்வியின் கனத்தை உணர்ந்து, மூலையில் உட்கார்ந்திருந்த எழுத்தர் அதை எழுதிக்கொண்டார். பிறகு செல்லக்கண்ணு தொண்டையைச் செருமினார்.

"இந்தக் கழகத்துக்கு நான் வந்து ஆறு வருசம் ஆகுது. இந்த ஆறு வருசத்துல ஒரு முடிவக்கூட நான் அவசரப்பட்டு எடுத்ததில்ல. இவர் இந்த முடிவ எடுத்தாருன்னு எவனும் என் பேர்ல ஒரு கோப்பக் காட்ட முடியாது. அதனால நிதானமா பேசுவோம். பயனாளிக்கு ஏதாவது சொல்லணுமாம்மா?"

அனுசுயா எழுந்து நின்றாள். வரும் வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டதைச் சொன்னாள். "எங்களுக்குத் திரை எப்படி இருந்தாலும் பரவால்லைங்க சார். இல்லாட்டியும் பரவால்ல. அது பேசுனா போதும். ஹெட்போன் மாட்டுற ஓட்டை ஒண்ணு கண்டிப்பா வேணும். நாலு பேர் இருக்கிற வூட்டுல, ஹாஸ்டல்ல, சத்தமா வச்சுக் கேக்க முடியாது."

செல்லக்கண்ணு எழுத்தரிடம் சொன்னார்: "செவிப்பொறி கோரினார்னு எழுதிக்க."

ராசாங்கம் கையை உயர்த்தினார். "செவின்னா காது. நம்மது கண் பிரிவு. காது சம்பந்தமா நாம முடிவெடுத்தா நாளைக்குத் தணிக்கையில கேப்பான். காது கேளாதோர் பிரிவோட கருத்தக் கேட்டுத்தான் செய்யணும்."

காது கேளாதோர் பிரிவு அதே மாடியில், வராந்தாவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. நடந்தால் பதினாலு அடி. கோப்பு அங்கே போய்ச் சேர ஐந்து வாரம் ஆயிற்று. பதில் வர இரண்டரை மாதம் ஆயிற்று. நடுவில் கூடிய இரண்டாம் கூட்டத்தில், பதில் வரவில்லை என்று பதிவு செய்துவிட்டு டீ குடித்துக் கலைந்தார்கள். அதற்கும் பஞ்சவர்ணம் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்தாள். அந்தக் கூட்டத்திலும் அனுசுயா எழுந்து ஹெட்போன் என்றாள். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

கார்த்திகையில் மூன்றாம் கூட்டம். காது பிரிவின் பதிலை ராசாங்கம் உரக்கப் படித்தார்: "எமது பயனாளிகளுக்குக் காது கேளாது. ஆகவே செவிப்பொறி தேவையில்லை. மேலும், செவிப்பொறி வழங்குவது எமது பயனாளிகளின் மனதைப் புண்படுத்தும் என்பதால் இப்பிரிவு கடும் ஆட்சேபணை தெரிவிக்கிறது."

"சார், கேட்டது நாங்க" என்றாள் அனுசுயா.

"நீங்க கேட்டீங்க. அவங்க ஆட்சேபிச்சாங்க. ரெண்டும் கோப்புல இருக்கு" என்றார் செல்லக்கண்ணு நியாயமாக.

அன்றைக்கு விலை பேச, கணினி விற்பவரையும் வரவழைத்திருந்தார்கள். லெப்பைக்குடிக்காட்டு அன்சார். துபாயில் ஒன்பது வருடம் கணினி பழுது பார்த்துவிட்டு வந்து, பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை போட்டிருந்தார். பிரிண்டர் வாயில், செவிப்பொறி வாயில், பேசும் மென்பொருள் எல்லாம் சேர்த்து, ஒன்று முப்பத்தாறாயிரத்து எண்ணூறு என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

"எங்க வரம்பு முப்பத்தஞ்சாயிரம்" என்றார் ராசாங்கம். "அதுக்கு மேல போனா கோப்பு சென்னைக்குப் போகணும். போனா எப்ப வரும்னு சொல்ல முடியாது."

அன்சார் யோசித்தார். "படிக்கிற புள்ளைங்களுக்குன்னு கேக்குறீங்க. என் லாபத்த விட்டுடறேன் சார். முப்பத்தஞ்சுக்கே தர்றேன். அல்லா குடுப்பான்."

இந்த இடத்தில் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்க வேண்டும். அனுசுயா மூச்சை விட்டாள். அவசரப்பட்டுவிட்டாள்.

"அப்ப மொதல்ல சொன்ன வெல தப்புன்னு ஆகுது" என்றார் ராசாங்கம். "தப்பான வெல சொன்னவர்கிட்ட நாங்க பொருள் வாங்க முடியாது."

"தப்பு இல்ல சார். குறைச்சுக்கிறேன்னு சொல்றேன்."

"காரணமில்லாம வெலையக் குறைச்சா சந்தேகம் வரும். பொருளக் குறைங்க, வெல தானா குறையும். ஓட்டைக்கு என்ன வெல?"

அன்சாருக்குத் தான் கேட்டது சரிதானா என்று ஐயம். "ஓட்டைக்குத் தனி வெல இல்ல சார். அது போர்டோட சேந்து வர்றது."

"வெல இல்லாத ஓட்டை உண்டா? ஆயிரத்து எண்ணூறு குறையணும். ஓட்டைக்குத் தொள்ளாயிரம்னு வச்சுக்குவோம். ரெண்டு ஓட்டையக் குறைங்க."

"குறைக்க முடியாது சார். அடைக்கத்தான் முடியும். அடைக்கிறதுன்னா அது தனி வேல, தனி செலவு."

ராசாங்கத்தின் குரலில் முதல் முறையாக ஓர் உற்சாகம் தெரிந்தது. "அது பராமரிப்புச் செலவு. அந்தத் தலைப்புல பணம் கெடக்கு. அடைக்க ஓட்டைக்கு ஆயிரம் போட்டுக்குங்க."

அனுசுயா மனக்கணக்குப் போட்டாள். "சார், ஓட்டையோட முப்பத்தாறாயிரத்து எண்ணூறுக்குக் கெடைக்கிறத, அடைச்சு முப்பத்தேழாயிரத்துக்கு வாங்குறீங்களா?"

"அம்மாவுக்குக் கணக்கு நல்லா வருது" என்று ராசாங்கம் பாராட்டினார். "ஆனா தலைப்பு தெரியல. அது வேற தலைப்பு, இது வேற தலைப்பு. கூட்டக் கூடாது."

எந்த இரண்டை அடைப்பது என்ற விவாதம் ஒரு மணி நேரம் நடந்தது. இருபத்தைந்து ஊசி வாயிலைத் தொட்டால் ராஜினாமா என்றார் மாயவன். சுவரில் பெரிதாகப் படம் காட்டுகிற வாயில் இல்லாவிட்டால் ஆய்வுக்கு வருகிற மேலதிகாரிகள் எதைப் பார்ப்பார்கள் என்று கேட்டார் செல்லக்கண்ணு. திரையைச் சின்னதாக்கலாமா என்று அன்சார் கேட்டதற்கு, பார்வை நலக் கழகம் தருகிற பொருளில் பார்வைக்குத்தான் முதலிடம் என்றார் செல்லக்கண்ணு. கடைசியில் ராசாங்கம் கோப்பைப் புரட்டி வழி கண்டுபிடித்தார்.

"எழுத்துபூர்வமா ஆட்சேபணை வந்திருக்கிறது ஒண்ணே ஒண்ணுக்குத்தான். காது. செவிப்பொறி வாயில அடைங்க. சத்தம் வர்ற ஸ்பீக்கரையும் அடைங்க. ரெண்டு ஆச்சு."

அனுசுயா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "சார், ஹெட்போன் வேணும்னு மூணாவது தடவையா சொல்றேன். அது பேசாட்டி எங்களுக்கு அது வெறும் பலகை. பலகைய வச்சு நாங்க என்ன பண்றது?"

செல்லக்கண்ணு எழுத்தரிடம் சொன்னார்: "பலகை குறித்துப் பயனாளி கருத்துத் தெரிவித்தார்."

படியில் இறங்கும்போது அன்சார் பின்னாலேயே வந்தார். "தங்கச்சி, நான் முடியாதுன்னு எழுந்து போயிட்டா வேற எவனாவது சிமெண்டப் போட்டு அடைச்சுடுவான். நான் அடைக்கிறேன். எனக்குத் தொறக்கத் தெரிஞ்ச பசையில அடைக்கிறேன். வாங்கினதும் நேரா கடைக்கு வா."

"அவங்களுக்குத் தெரிஞ்சா உங்களுக்குப் பிரச்சினை வராதா பாய்?"

"வரட்டும். துபாயில அரபிக்காரன்கிட்டயே திட்டு வாங்கியிருக்கேன்."

மாசி மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் வழங்கும் விழா. பதினொரு பேரையும் காலை ஒன்பது மணிக்கே மேடையில் உட்கார வைத்துவிட்டார்கள். விழா பதினொன்றரைக்குத் தொடங்கியது. தண்ணீர் கேட்ட பையனிடம், மேடையில் குடித்தால் படத்தில் நன்றாக இருக்காது என்றார்கள்.

செல்லக்கண்ணு முக்கால் மணி நேரம் பேசினார். "இந்த மடிக்கணினியோட திரை பதினஞ்சு அங்குலம். என்ன ஒரு பளிச்சு. நானே நேத்து ராத்திரி போட்டுப் பாத்தேன், கண்ணு கூசிடுச்சு. இருட்டுல இருக்கிறவங்களுக்கு இப்படி ஒரு வெளிச்சத்தக் குடுக்கிற பாக்கியம் எனக்குக் கெடைச்சிருக்கு. ஏழு மாசம் ஒவ்வொரு துளையா ஆராய்ஞ்சோம். பயனாளிங்களையே கூட உக்கார வச்சு, அவங்க சொன்னதக் கேட்டோம். கேட்டோம்ங்கிறது முக்கியம்."

கைத்தட்டல் எழுந்தது. மேடையில் இருந்தவர்களையும் தட்டச் சொன்னார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லங்குறிச்சிப் பையன் மடியில் இருந்ததைத் திறந்து ஏதோ அழுத்தினான். "அக்கா, இது ஆன் ஆயிருக்கா?"

"தெரியலப்பா."

"பேசும்னு சொன்னாங்களே."

அனுசுயாவின் விரல் தன் கணினியின் ஓரத்தில் இருந்த அடைப்பைத் தடவியது. தான் அந்தக் குழுவில் இருந்தவள் என்று அவனிடம் எப்படிச் சொல்வது. அந்த அவமானம்தான் அவளை மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது. அவள் பெயரையும் போட்டுத்தானே இதைச் செய்திருக்கிறார்கள்.

இறங்கும் இடத்தில் ராசாங்கம் ஒரு படிவத்தோடு நின்றார். நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்பது வாசகம். அனுசுயா பேனா கேட்டாள்.

"ரேகைதான்மா. படிவத்துல அப்படித்தான் இருக்கு."

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் சார். எம்.ஏ. படிக்கிறேன்."

"அது சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே அவள் கட்டைவிரலைப் பிடித்து மையில் அமுக்கினார்.

அந்தக் கையோடு அவள் அன்சார் கடைக்குப் போனாள். அரை மணி நேரத்தில் இரண்டு அடைப்பும் வெளியே வந்தன. ஹெட்போனை அன்சார் தன் கடையிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். மென்பொருள் பேசத் தொடங்கியதும் அனுசுயா பத்து நிமிடம் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு அன்சாரின் போனை வாங்கி, கல்லங்குறிச்சிப் பையனுக்கும் மற்ற ஒன்பது பேருக்கும் வரிசையாகப் பேசினாள். பத்து நாளில் பதினொரு கணினியும் திறந்தாயிற்று. அன்சார் காசு வாங்கவில்லை.

பங்குனியில் கழகம் ஓர் ஆய்வு நடத்தியது. கணினிகள் நன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பது நோக்கம் இல்லை; இருக்கின்றனவா என்று எண்ணுவது. எண்ணப் போனவர் அடைப்புகள் இல்லாததைக் கண்டு எழுதிவிட்டார். விளக்கம் கேட்டு அனுசுயாவுக்கு நோட்டீஸ் வந்தது. பரீட்சைக்கு இருபத்தாறு நாள் இருந்தது.

மூன்றாவது மாடியில் அதே மூவர் உட்கார்ந்திருந்தார்கள். அனுசுயா மடிக்கணினியைத் தோளில் மாட்டிக்கொண்டு போயிருந்தாள்.

"மொத்தம் இருபத்திரண்டு அடைப்பான்" என்றார் ராசாங்கம். "இருபத்திரண்டும் கழகத்தோட சொத்து. இருப்புப் பதிவேட்டுல ஏத்தியாச்சு. எங்க அதெல்லாம்?"

"குப்பையில சார்."

"தூண்டிவிட்டது நீதான்னு மத்த பத்துப் பேரும் எழுதிக் குடுத்திருக்காங்க."

"நான்தான் எழுதிக் குடுக்கச் சொன்னேன். நானும் எழுதிக் குடுக்கிறேன்."

"பயனாளிகள் பிரதிநிதியா இருந்துக்கிட்டு இப்படிப் பண்ணலாமா?" என்று மாயவன் வருத்தப்பட்டார். "இப்படி அடைக்கணும்னு முடிவெடுத்த குழுவுல நீயும் இருந்தியே."

அனுசுயா கணினியை மேசைமேல் வைத்துத் திறந்தாள். தடவித் தடவி நாலைந்து விசைகளை அழுத்தினாள். ஹெட்போனை எடுத்து, ராசாங்கத்தின் குரலுக்கும் மாயவனின் குரலுக்கும் நடுவில், செல்லக்கண்ணு உட்காரும் திசையில் நீட்டினாள்.

"காதுல மாட்டிக்குங்க சார்."

செல்லக்கண்ணு தயங்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டார். மூக்கடைத்த குரல் அவர் காதில் ஆங்கிலப் பாடத்தை வாசித்தது. ஒரு நிமிடம் கேட்டார். இரண்டு நிமிடம் கேட்டார். அவர் கால் லேசாக ஆடத் தொடங்கியது. ஹெட்போனை எடுக்காமலே, காது கேளாதவர் பேசுவதைப் போல உரக்கச் சொன்னார்:

"நல்லா இருக்கே. அப்படியே வாசிக்குது. இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா."

வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பஞ்சவர்ணத்துக்கே அது கேட்டது. அவள் எழுந்து கதவோரம் வந்து நின்றாள்.

அனுசுயா கையை நீட்டி, அவர் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள். "மூணு கூட்டத்துலயும் சொன்னேன் சார். மூணு தடவையும் எழுதிக்கிட்டீங்க." பிறகு தாவணி முனையால் ஹெட்போனின் இரண்டு பக்கத்தையும் அழுத்தித் துடைத்தாள். நிதானமாக, ஒவ்வொன்றாக. கணினியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு, அம்மாவின் தோளைப் பிடித்தாள்.

"விளக்கத்துல கையெழுத்துப் போடணும்" என்றார் ராசாங்கம்.

"ரேகைதானே சார் உங்களுக்கு வேணும். ஏற்கெனவே ஒண்ணு வச்சிருக்கீங்க. அதப் பாத்து வரைஞ்சுக்குங்க."

பஞ்சவர்ணம் கீழே வந்ததும் சொன்னாள்: "இந்த ஆளுங்களுக்காடி நான் நாலு நாளு வேலைய வுட்டேன்."

இரண்டு வாரத்தில் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு தபாலில் வந்தது. தபால்காரர் படித்துக் காட்டினார்: "பயனாளிகளுக்குச் செவிப்பொறி இன்றியமையாதது என்பதைத் தலைவர் நேரடி ஆய்வின் மூலம் கண்டறிந்தார். அடைப்புகளை நீக்க உத்தரவிட்டார். நீக்கிய வகையில் துளை ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் பராமரிப்புத் தலைப்பில் எழுதப்பட்டது. தலைவரின் தொலைநோக்குக்குப் பயனாளி கண்ணீர் மல்க நன்றி தெரிவித்தார்."

"கடைசி வரிய இன்னொரு தடவ படிங்க" என்றாள் அனுசுயா.

அவர் படித்தார். தயங்கி, "அழுதியாம்மா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே."

அன்று சாயங்காலமே அன்சார் கடைக்குப் போய் ஒரு கடிதம் அடித்தாள். நான் நன்றி தெரிவிக்கவில்லை, அழவும் இல்லை, அந்த வரியை நீக்கவும் என்று மூன்றே விஷயம். அச்செடுத்து, கீழே தன் கையெழுத்தைப் பெரிதாகப் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினாள்.

கழகத்திலிருந்து இவ்வளவு வேகமாக எதற்கும் பதில் வந்ததில்லை. எட்டே நாளில் வந்துவிட்டது. நடவடிக்கைக் குறிப்பில் இடம்பெற்ற நன்றியை நீக்கலாமா என்பதை ஆராய ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டிருக்கிறது. தலைவர் செல்லக்கண்ணு. உறுப்பினர்கள் ராசாங்கம், மாயவன். பயனாளிகள் பிரதிநிதி அனுசுயா. கூட்டம் மே பதினேழு, காலை பத்து மணி. தவறாமல் வரவும்.

பதினேழாம் தேதி காலை பத்து மணிக்கு அனுசுயா திருச்சியில் மூன்றாம் தாள் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் சொல்லச் சொல்ல எழுதிய பெண், பாதியில் கை வலிக்கிறது என்று பேனாவைக் கீழே வைத்தாள். "கொஞ்சம் நிறுத்துங்கக்கா, இன்னும் எவ்வளவு இருக்கு?"

"நெறைய இருக்கு" என்றாள் அனுசுயா. "எழுது."